வெயிட் பண்ணச் சொன்னது யாரு?

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைப் படிக்கும் யாரும், நன்றி சொல்வதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது.

ராயப்பேட்டையில் ஸ்கேன் சென்டர்களும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களும் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் அவருடைய ஜெராக்ஸ் கடை இருந்தது. இரண்டு இயந்திரங்கள், ஒரு லேமினேஷன் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். வயது ஐம்பதுக்கு மேல். வலது காதில் எப்போதும் ஒரு நீலப் பேனா. தெருவே அவரை ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டது.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நகல் எடுக்கக் கொடுக்கும் தாளைப் படித்துவிடுவார். ஆங்கிலம் அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் ஸ்கேன் அறிக்கையில் எந்த வார்த்தை எந்த இடத்தில் வரும், எந்த வரி வந்தால் ஆபரேஷன் என்று அர்த்தம் என்பதெல்லாம் பல ஆயிரம் தாள்களைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் பழகியதில் தெரிந்துபோயிருந்தது. முதலில் தேதியைப் பார்ப்பார்.

"இது ஆடி மாசத்து ரிப்போர்ட்டு. இப்ப இன்னா மாசம்?"

"தை, அக்கா."

"ஆறு மாசம் இத்த வயித்துல வச்சிக்கினு இன்னா பண்ணிக்கினு இருந்த? வெயிட் பண்ணச் சொன்னது யாரு? பேர் சொல்லு."

வந்தவர் திணறுவார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் இருந்துவிட்டேன் என்பார். அவர் விடமாட்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிற்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். கடைசியில் ஒரு பெயர் வந்தே தீரும். உடனே காதிலிருந்து பேனாவை எடுத்து, நகலின் பின்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதுவார். அந்த ஆள் என்ன சொன்னார் என்பதையும் எழுதுவார்.

அந்தப் பின்பக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்து, கால் நரம்பு கயிறுபோல் புடைத்திருந்த ஒரு பெண்ணின் தாளில் இப்படி இருந்தது: 'சூப்பர்வைசர் – தீபாவளி போவட்டும். சூப்பர்வைசர் – பொங்கல் போவட்டும். வூட்டுக்காரர் – கொழந்தைக்கு பரீட்சை முடியட்டும். சூப்பர்வைசர் – ஆடித் தள்ளுபடி போவட்டும்.' ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆளின் பெயரும் தெளிவாக இருந்தது.

"இத எழுதி என்ன அக்கா பிரயோஜனம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா, எல்லாம் விதின்னு சொல்லுவாங்க இல்ல, அப்ப இத எடுத்துக் காட்டலாம்."

நான் உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவள். வார நாள்களில் அடையாறில் ஒரு நிறுவனத்தில் சுவாசக் கருவிகளைச் சோதிக்கும் வேலை. சனிக்கிழமைகளில் மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஒரு சின்ன தர்ம மருத்துவமனையில் தொண்டு. அங்கே எல்லோருமே தொண்டர்கள்தான். அறுவை சிகிச்சை செய்பவர், மயக்க மருந்து கொடுப்பவர், நர்சுகள், தரை துடைப்பவர் வரை. காலையில் வந்த நோயாளி மாலையில் தன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரவு தங்கப் படுக்கை கிடையாது. ஒரு சனிக்கிழமைக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் பட்டியல் என் கையில்.

நோயாளிகளை அனுப்புவோர் நிரப்ப வேண்டிய படிவத்தையும் நான்தான் தயாரித்தேன். பதினான்கு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஏழாவது, வெறும் வயிறு. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போய்விடும். பதினொன்றாவது, முதல் இரவு கூட இருக்கப்போகும் ஆள். பெயர், நோயாளிக்கு என்ன உறவு, தொலைபேசி எண். ரத்தம் கசிந்தாலோ சிறுநீர் வராமல் போனாலோ எங்களைக் கூப்பிட ஒருவர் வேண்டும். உறவு என்ற இடத்தில் கணவர், மனைவி, மகன், மகள், அம்மா, அப்பா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, நெருங்கிய சொந்தம் என்று ஒன்பது அச்சிட்டிருந்தேன். ஒன்றை டிக் செய்தால் போதும். 'மற்றவர்' என்று பத்தாவது ஒன்று வைக்கவில்லை. வைத்தால் யோசிக்காமல் எல்லோரும் அதையே டிக் செய்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அது மிகவும் சரியாகத் தெரிந்தது.

அவருடைய முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் நேரத்தில் வந்தது.

"சனிக்கெழம ஆஸ்பத்திரியா? யாரு பேசறது?"

"நான் லிஸ்ட் பாக்கறவங்க. சொல்லுங்க."

"லிஸ்ட்டா? சரி லிஸ்ட்டு, எழுதிக்கோ. ஒரு ஆளு, தொப்புள்ல குடலிறக்கம். மாடியில டாக்டர் கையெழுத்து வாங்கிட்டேன். இந்த சனிக்கெழம."

"இந்த வாரம் எட்டுப் பேர் ஆயிடுச்சும்மா."

"எட்டு பேரும் வருவாங்களா? எவனாவது ஒருத்தன் டீ குடிச்சிட்டு வருவான். அந்த எடத்துல இந்த ஆளப் போடு."

அந்தச் சனிக்கிழமை ஒருவர் டீ குடித்துவிட்டு வந்தார். அது அடிக்கடி நடப்பதுதான். வெறும் வயிறு என்றால் நம் ஊரில் டீயை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டீயில் நனைத்துத் தின்னும் இரண்டு பொறையையும் சேர்ப்பதில்லை. ஜெராக்ஸ் அக்கா அனுப்பியவர் அந்த இடத்தில் படுத்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு லிஸ்ட்டு. என் பெயரை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவருடைய ஆள்கள் மட்டும் டீ குடித்துவிட்டு வந்ததே இல்லை. காலை ஆறு மணிக்கே கடைக்கு வரவழைத்து, லேமினேஷன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆட்டோ வரும்வரை காவல் இருப்பாராம். "டீக்கட பக்கம் தலைய திருப்பின, ஆபரேஷன் இங்கயே நடக்கும்" என்று காகிதம் வெட்டும் கத்தியைக் காட்டுவாராம்.

ஒருமுறை எங்களுக்கு உபகரணம் வாங்கித் தந்த ஒரு குடும்பம் மருத்துவமனையைப் பார்க்க வந்தது. நோயாளிகளோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் இன்னும் காரிலிருந்து இறங்கவில்லை. எட்டுப் பேரும் பச்சை அங்கியோடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். நாற்பது நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் கோபம்தான். ஆனால் என் கோபம் நாகரிகமானது, அது வாயைத் திறக்காது. ஜெராக்ஸ் அக்கா அன்று ஒருவரைக் கொண்டுவந்து விட வந்திருந்தார்.

"சர்க்கர உள்ளவங்கோ மூணு பேரு நிக்கிறாங்கோ. போட்டோக்கு ஒக்காந்துகினு இருக்கிறவங்க யாரு? பேர் சொல்லு, எழுதிக்கிறேன்" என்று அந்தக் குடும்பத்தின் முன்னாலேயே கேட்டார்.

படம் எடுக்காமலே அவர்கள் போய்விட்டார்கள். எங்கள் செயலாளர், வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர், அன்றைக்கே என்னிடம் சொன்னார்: "அந்த அம்மா அனுப்பற கேஸை எல்லாம் கொஞ்சம் கவனமா பாரும்மா. ஒரு மரியாதை தெரியலையே."

நான் கவனமாகப் பார்த்தேன். அதனால்தான் இதெல்லாம் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு வருடப் படிவங்களைக் கணினியில் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது கட்டத்தில் ஒரே தொலைபேசி எண் திரும்பத் திரும்ப வந்தது. அவருடைய எண். பத்தொன்பது நோயாளிகள். இரண்டு பேருக்கு அக்கா தங்கை, ஒருவருக்கு அம்மா, மீதிப் பேருக்கு நெருங்கிய சொந்தம். ஒரே சனிக்கிழமையில் இரண்டு பேருக்குத் துணை இருந்ததாகவும் இருந்தது, அதுவும் ஒருவர் தி.நகரில், இன்னொருவர் சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில்.

பத்தொன்பது பேர் தனியாகக் கிடந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நான் ஒவ்வொரு கட்டத்தையும் காரணத்தோடு போட்டவள். அவர் என் தாளில் பொய் எழுதியிருக்கிறார், அதுவும் தெளிவான கையெழுத்தில். செயலாளருக்குச் சொன்னேன்.

மறுநாள் பட்டியலில் அவருடைய ஆள் ஒருவர் இருந்தார். அபிராமபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன். அறுபது வயது இருக்கும். மோட்டார் அறையில்தான் படுக்கை. குடலிறக்கத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருடம் வேலை பார்த்தவர். மாற்று ஆள் கிடைக்கட்டும் என்று குடியிருப்புச் சங்கத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் இந்த வாரம்தான் லீவு கொடுத்திருந்தார்கள். அவருடைய படிவத்தில் பதினொன்றாவது கட்டம்: அக்கா தங்கை. அதே எண்.

காலை ஏழரைக்கு ஜெராக்ஸ் அக்கா அவரை அழைத்துக்கொண்டு வந்தார். கூட மெலிந்த ஒரு தையல்காரர். செயலாளர் வாசலிலேயே நிறுத்தினார்.

"இவருக்கு நீங்க தங்கையா?"

"இல்ல."

"அப்போ அந்தப் பத்தொன்பது பேருக்கும் பொய்தானே எழுதியிருக்கேள்?"

"ஆமா, பொய்தான். ராத்திரி இவரு கூட இருக்கப்போறது இந்த டெய்லரு. போன மாசம் உங்க ஆஸ்பத்திரியில இதே குடலிறக்கம் பண்ணிக்கினாரு. அவரு கூட அன்னிக்கு ராத்திரி ஒக்காந்தது, அதுக்கு முந்தி பண்ணிக்கினவரு. எல்லாம் அப்படித்தான். யாரும் தனியா கெடந்தது இல்ல."

நான் தையல்காரரைப் பார்த்தேன். அவர் தன் பையைத் திறந்து காட்டினார். ஒரு போர்வை, சொம்பு, நாங்கள் போன மாதம் கொடுத்த அறிவுரைத் தாள். "எந்த எடத்துல இழுக்கும், எப்ப பயப்படணும்னு எனக்குத் தெரியும் மேடம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"இத முன்னாடியே எழுதியிருக்கலாமே அக்கா?" என்றேன்.

"எங்க எழுதறது? உன் பேப்பர்ல ஒம்போது சொந்தம் போட்டுகீற. இந்த ஆள எதுல டிக் அடிக்கிறது? போன மாசத்துக் குடலிறக்கம்னு ஒரு கட்டம் கீதா?"

தாழ்வாரத்தில் இருந்த மற்ற ஏழு பேரில் யாரோ சிரித்தார்கள். செயலாளருக்கு முகம் சிவந்தது.

"ரூல்னா ரூல். நாளைக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா யார் பதில் சொல்றது? கமிட்டியில பேசி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

ஜெராக்ஸ் அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"லிஸ்ட்டு உன் கையில கீது. அந்த சாரு கையில இல்ல. நீ சொல்லு."

நான் யோசித்தேன். என்னென்ன யோசித்தேன் என்று இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும். விதி மீறப்பட்டிருக்கிறது. தையல்காரர் நம்பத் தகுந்தவராகத் தெரிகிறார். செயலாளர் எதிரே நிற்கிறார். ஒரு வாரம் பெரிய காலம் இல்லை. பட்டியலில் ஒரு பெயரை ஒரு வாரம் கீழே இறக்குவது, அவ்வளவுதான். வாட்ச்மேனுக்கு மறுபடி லீவு கிடைக்குமா என்ற கேள்வி அந்த வரிசையில் வரவில்லை. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"அடுத்த சனிக்கிழமை முதல் ஆளா போட்டுடறேன் அக்கா. ஒரு வாரம்தானே. வெயிட் பண்ணச் சொல்லுங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வாட்ச்மேன் கையில் இருந்த பிளாஸ்டிக் உறையை வாங்கி, படிவத்தின் நகலை உருவித் திருப்பினார். காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உன் பேர் இன்னா?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டார். சொன்னேன்.

"இனிஷியலு?"

அதையும் சொன்னேன். சுவரில் தாளை வைத்து எழுதினார். வாட்ச்மேன் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத வாயைத் துடைத்துக்கொண்டு, "வர்றேம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அந்த 'வர்றேம்மா'வை நினைத்தால் எனக்கு இன்னும் யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருக்கிறது.

அன்று மாலையே அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபரேஷன் இல்லை என்றால் லீவு எதற்கு? அந்தக் குடியிருப்பில் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, நியூட்ரலில் விட்டு நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும் கார் வெளியே போக வேண்டுமானால், வெளியே இருக்கும் காரை வாட்ச்மேன் தள்ள வேண்டும். புதன்கிழமை மத்தியானம் ஒரு காரைத் தள்ளும்போது குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடனே ஆபரேஷனுக்கு எடுத்துக் காப்பாற்றினார்கள். ரத்த ஓட்டம் நின்றுபோன ஒரு முழம் குடலை வெட்ட வேண்டியிருந்தது. எங்களிடம் அன்று காலை ஒரு மணி நேரத்தில் முடிந்து மாலை வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர், மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். மாற்று ஆளுக்காக ஒன்றரை வருடம் காத்திருந்த சங்கத்துக்கு அந்த வாரமே மாற்று ஆள் கிடைத்துவிட்டார். அந்தப் புதியவரே நிரந்தரமாகிவிட்டார்.

சேதி தெரிந்ததும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். வாங்கிவிட்டால் கணக்கு முடியும் என்று இருந்தது. அவர் யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பொழச்சிக்கினாரு" என்றார், நிமிராமல்.

"நீங்க உண்மைய எழுதியிருந்தா, நான் கமிட்டியில முன்னாடியே பேசியிருப்பேன் அக்கா."

"எழுதியிருந்தா, இந்த பத்தொம்போது பேர்ல எத்தினி பேர நீ லிஸ்ட்டுல ஏத்தியிருப்ப?"

எனக்குப் பதில் தெரியும். ஒருவரைக்கூட ஏற்றியிருக்க மாட்டேன்.

"உங்கள யார் அக்கா வெயிட் பண்ணச் சொன்னது?" என்று கேட்டேன். எப்படியாவது அவரைத் தோண்டிவிட வேண்டும், அவருடைய கோபத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்று.

"அதெல்லாம் ஒரு பேப்பர் பின்னால அடங்காது. நவுரு, வெளிச்சத்த மறைக்காத."

அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. நோயாளிகளை அனுப்புவதையும் நிறுத்தவில்லை. பதினொன்றாவது கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டு அனுப்பினார். ஒவ்வொரு வாரமும் அந்த வெற்றுக் கட்டத்தை நான் பார்க்க வேண்டியிருந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் பேசினேன். உறவு என்ற வரியை எடுத்துவிட வேண்டும், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர் துணை இருக்கலாம் என்று சேர்க்க வேண்டும் என்றேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல யோசனைதான். அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாம். கொஞ்சம் வெயிட் பண்ணும்மா."

என் முன்னால் இருந்த நிகழ்ச்சிநிரல் தாளைத் திருப்பினேன். அவர் பெயரை இனிஷியலோடு, அவர் படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதினேன். கீழே அன்றைய தேதியும் போட்டேன். எதிரே இருந்த மயக்க மருந்து டாக்டர் முதலில் தாளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இன்னிக்கே எடுத்துக்கலாமே சார்" என்றார். அன்றே நிறைவேறியது. ஆனால் செயலாளர் ஒரு நிபந்தனை வைத்தார்: துணை இருக்க வருபவர், தனக்கு ஆபரேஷன் ஆனதற்கான தாள்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். விதி இல்லாமல் அவரால் மூச்சுவிட முடியாது. எனக்கும் அப்போது அது முடியாதுதான்.

புதிய படிவத்தை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனபோது, மாடிப்படிக்கு அடியில் செல்போன் உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டட உரிமையாளர் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். ஜெராக்ஸ் அக்கா எங்கே போனார் என்று தெருவில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. என்னிடம் இருந்த பத்தொன்பது பதிவுகளிலும் அதே எண்தான்.

நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பழ வியாபாரிக்குத் துணையாக ஒருவர் வந்திருந்தார். இளைத்திருந்தார், சட்டை தொளதொளவென்று இருந்தது. கண்களைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் என்று தெரிந்தது. இப்போது ஒரு திருமண மண்டபத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறாராம். டெய்லர் சொல்லி வந்ததாகச் சொன்னார். அவர் என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. "பேப்பரு கேப்பீங்கன்னு சொன்னாங்கம்மா" என்று அதே பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரித் தாள்களோடு அந்தப் பழைய நகலும் இருந்தது. முன்பக்கம் என் பதினான்கு கட்டங்கள், பதினொன்றாவதில் ஜெராக்ஸ் அக்காவின் பொய். திருப்பினேன். நீல மையில் குடியிருப்புச் சங்கத் தலைவரின் பெயர் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆள் கெடைக்கட்டும்.' நான்காவதாக என் பெயர். இனிஷியல் சரியாக இருந்தது. பக்கத்தில், 'ஒரு வாரம்தானே.'

செயலாளர் பெயர் அதில் இல்லை.

எங்கள் நகல் இயந்திரம் அன்று பழுது. குளக்கரைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அந்த உறையை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் தாள்களை வாங்கினார். ஒன்றையும் படிக்காமல் மளமளவென்று கவிழ்த்தார். அந்த ஒரு தாள் வந்ததும் நின்றார்.

"இதுல பின்னாடி யாரோ பேரெல்லாம் கிறுக்கியிருக்காங்க மேடம். முன்பக்கம் மட்டும் எடுத்தா போதுமா?"

"ரெண்டு பக்கமும் எடுங்க" என்றேன்.